டாய்ட்டோபுர்க் காட்டுத் தோல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.பி. 9ஆம் ஆண்டு, செப்டம்பர் வாக்கில், இன்றைய வடமேற்கு ஜெர்மனியில் மூன்று ரோமானிய லீஜியன்கள் (ரோமின் பெரும் படைப்பிரிவுகள்) சில நாட்களுக்குள் அழிந்துபோயின. "காட்டில் பதுங்கியிருந்து தாக்கினார்கள், ரோமானியர்கள் மடிந்தார்கள்" என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் அதற்கு முன் இருபது வருடங்களாக ரோமானியப் படைகள் அதே காடுகளுக்குள் போய்த் திரும்பிக்கொண்டுதான் இருந்தன. இந்த முறை மட்டும் ஏன் திரும்பவில்லை? கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வருகின்றன.

யார் யாருடன் மோதினார்கள்?

ரோமானியத் தரப்பில் தளபதி பப்லியஸ் குவின்டிலியஸ் வாரஸ். அவரிடம் 17, 18, 19 என்ற எண்கள் கொண்ட மூன்று லீஜியன்கள், ஆறு துணைக் காலாட்படை அணிகள், மூன்று குதிரைப்படை அணிகள். எதிர்த்தரப்பில் செருஸ்கி இனத்து இளவரசன் ஆர்மினியஸ் தலைமையில் பல இனக்குழுக்கள். செருஸ்கிகளோடு ப்ருக்டெரி, மார்சி இனத்தவரும் இருந்தார்கள். லீஜியனுக்கு ஒன்றாக இருந்த கழுகுச் சின்னங்களில் இரண்டு பின்னாளில் இந்த இரு இனத்தாரிடமிருந்துதான் மீட்கப்பட்டன. ஜெர்மானியர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பழைய ஆசிரியரும் எண்ணிக்கை தரவில்லை. இணையத்தில் உலவும் எண்கள் எல்லாம் பிற்கால ஊகம்.

மூன்று லீஜியன் என்றால் எத்தனை பேர்?

ஏட்டளவில் ஒரு லீஜியனில் ஏறக்குறைய 5,000 பேர். அடிப்படை அலகு ஒரே கூடாரத்தில் படுக்கும் 8 பேர். அப்படிப்பட்ட 10 கூடாரங்கள் சேர்ந்தால் 80 பேர் கொண்ட ஒரு செஞ்சுரி. ஆறு செஞ்சுரிகள் ஒரு கோஹார்ட், பத்து கோஹார்ட்டுகள் ஒரு லீஜியன். நோய், விடுப்பு, வேறிடப் பணி என்று கழித்துப் பார்த்தால் எந்த லீஜியனும் முழு எண்ணிக்கையில் இருந்ததில்லை. துணைப்படைகளையும் சேர்த்து 15,000 முதல் 20,000 பேர் வரை மடிந்திருப்பார்கள் என்பது இன்றைய பொதுவான மதிப்பீடு. படையோடு வந்த பெண்கள், குழந்தைகள், வேலையாட்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்தச் சமயத்தில் ரோமப் பேரரசு முழுவதற்கும் இருந்தவை 28 லீஜியன்கள். பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே வாரத்தில் போய்விட்டது.

ரைன் நதிக்கு அப்பால் ரோமானியர்களுக்கு என்ன வேலை?

கி.மு. 12இல் பேரரசர் அகஸ்டஸின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்த மகன் ட்ரூசஸ் ரைனைக் கடந்து படையெடுத்தார். கி.மு. 9இல் எல்பே நதி வரை போய்த் திரும்பும் வழியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய அண்ணன், பின்னாளில் பேரரசரான டைபீரியஸ், பணியைத் தொடர்ந்தார். லிப்பே நதியை ஒட்டி ஹால்டெர்ன், ஓபராடென், ஆன்ரெப்பென் என்று பாசறைகள் எழுந்தன. லான் பள்ளத்தாக்கில் வால்ட்கிர்மெஸ் என்ற இடத்தில் சந்தை மைதானத்தோடு ஒரு நகரமே கட்டத் தொடங்கியிருந்தார்கள். அங்கே நின்ற தங்க முலாம் பூசிய குதிரைவீரன் சிலையின் குதிரைத் தலை 2009இல் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கிடைத்தது. சிலை வைத்து நகரம் கட்டுகிறவன் அந்த மண்ணைத் தன்னுடையதாகவே நினைத்திருக்கிறான். ஆகவே வாரஸ் போனது அந்நிய நாட்டின் மேல் படையெடுக்க அல்ல. கிட்டத்தட்ட அடங்கிவிட்டது என்று நம்பிய பகுதியில் வரி வாங்கவும் வழக்கு விசாரிக்கவும்தான் போனார்.

வாரஸ் திறமையற்ற தளபதியா?

அப்படி எழுதிவைத்தவர்கள் தோல்விக்குப் பிறகு எழுதியவர்கள். வெலேயஸ் என்ற ஆசிரியர் டைபீரியஸின் கீழ் ஜெர்மனியில் பணியாற்றியவர், டைபீரியஸின் விசுவாசி. அவர் வாரஸை மந்தமானவர், பணத்தாசை பிடித்தவர் என்கிறார். "ஏழையாகப் பணக்கார சிரியாவுக்குள் போனார், பணக்காரராக ஏழை சிரியாவை விட்டு வந்தார்" என்பது அவர் சொன்னதுதான்.

பதவிப் பட்டியலைப் பார்த்தால் வேறு ஆள் தெரிகிறார். கி.மு. 13இல் டைபீரியஸோடு சேர்ந்து கான்சல், அதாவது ரோமின் உயர்ந்த ஆண்டுப் பதவி. பிறகு ஆப்பிரிக்காவின் ஆளுநர். அதன்பின் சிரியாவின் ஆளுநர். கி.மு. 4இல் ஏரோது மன்னன் இறந்து யூதேயாவில் கலகம் மூண்டபோது லீஜியன்களோடு போய் அடக்கினார். அப்போது சுமார் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். மென்மையான மனிதரும் அல்ல, போர்க்களம் பார்க்காதவரும் அல்ல.

அவர் செய்த பிழை வேறு. சிரியாவில் பலித்த முறையை அப்படியே ஜெர்மனியிலும் நடத்தினார். சிரியாவில் நகரங்கள் இருந்தன, வரி கட்டிப் பழகிய மக்கள் இருந்தார்கள், வழக்கை மன்றத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. எல்பேக்கும் ரைனுக்கும் இடையில் இவை எதுவும் இல்லை. ஒரு சுதந்திர ஆண்மகனை அந்நியன் ஒருவன் கம்பால் அடித்துத் தண்டிக்கலாம் என்பதே அங்கே தாங்கமுடியாத அவமானம்.

ஆர்மினியஸ் ரோமானிய ராணுவத்தில் இருந்தவனா?

ஆம். இந்தத் தோல்வியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் போதும். தந்தை செகிமெர், செருஸ்கித் தலைவர்களில் ஒருவர். மகன் ரோமானியத் துணைப்படையில் தன் இனத்தாருக்குத் தலைமை தாங்கிப் போரிட்டவன். ரோமானியக் குடியுரிமையும் ஈக்வஸ் என்ற உயர் தகுதியும் பெற்றவன். லத்தீன் பேசுவான். வாரஸின் விருந்து மேசையில் உட்காருவான். அப்போது வயது இருபத்தைந்தைச் சுற்றி.

அவனுடைய தம்பி ஃப்ளாவஸ் கடைசிவரை ரோமோடேயே நின்றான், டைபீரியஸின் கீழ்ப் போரிட்டு ஒரு கண்ணை இழந்தவன். கி.பி. 16இல் வேசர் நதியின் இரு கரைகளில் நின்றபடி அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ரோம் கொடுத்த சம்பள உயர்வையும் பதக்கங்களையும் தம்பி அடுக்க, அண்ணன் அவற்றை அடிமைத்தனத்துக்குக் கிடைத்த மலிவான கூலி என்றானாம்.

சதியைப் பற்றி யாருமே எச்சரிக்கவில்லையா?

எச்சரித்தார்கள். செகெஸ்டெஸ் என்ற மற்றொரு செருஸ்கித் தலைவர் முந்தின இரவு விருந்திலேயே வாரஸிடம் சொன்னார்: "என்னையும் ஆர்மினியஸையும் மற்றத் தலைவர்களையும் சேர்த்துக் கைது செய்யுங்கள். தலைவர்கள் இல்லாமல் மக்கள் துணியமாட்டார்கள். யார் குற்றவாளி என்று அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்." வாரஸ் கேட்கவில்லை.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. செகெஸ்டெஸுக்கும் ஆர்மினியஸுக்கும் பகை இருந்தது ஊரறிந்த விஷயம். செகெஸ்டெஸ் தன் மகள் துஸ்னெல்டாவை வேறொருவனுக்கு நிச்சயித்திருக்க, ஆர்மினியஸ் அவளைக் கொண்டுபோய் மணந்துகொண்டான். எதிரிக் குடும்பத்தார் சொல்லும் குற்றச்சாட்டை நம்பி, தன் வழிகாட்டியாகவும் துணைப்படைத் தலைவனாகவும் இருப்பவனைக் கைது செய்தால் அந்தக் கைதே கலகத்தைக் கிளப்பிவிடலாம். வாரஸின் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் எச்சரிக்கையை நம்பாதவர் குறைந்தபட்சம் படையைப் போர் ஒழுங்கிலாவது நடத்தியிருக்கலாம். அதையும் அவர் செய்யவில்லை.

சதி எந்தப் படிகளில் நடந்தது?

பிற்கால ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சொல்வதிலிருந்து வரிசை தெளிவாகக் கிடைக்கிறது.

முதலில், வாரஸை ரைனிலிருந்து விலக்கி வேசர் நதிப்பக்கம் கோடைப் பாசறைக்கு வரவழைத்தார்கள். அங்கே அமைதியாக, பணிவாக நடந்துகொண்டார்கள். வழக்குகளைத் தாங்களாகவே கொண்டுவந்து தீர்ப்புக் கேட்டார்கள்.

பிறகு, "எங்கள் ஊருக்குக் காவல் வேண்டும், கொள்ளையரைப் பிடிக்க வேண்டும், உணவு வண்டிக்குத் துணை வேண்டும்" என்று கேட்டுச் சிறு சிறு ரோமானியக் குழுக்களை ஊர் ஊராகப் பிரித்து வாங்கிக்கொண்டார்கள். இதில் இரட்டை லாபம். முதன்மைப் படை மெலிந்தது. தாக்குதல் தொடங்கும் நாளில் அந்தக் குழுக்களை முதலிலேயே கொன்றுவிட்டதால் செய்தி போக வழியில்லாமல் போனது.

மூன்றாவது, படை குளிர்காலத்துக்காக ரைன் பக்கம் திரும்பும் வேளையில், தூரத்தில் ஓர் இனம் கலகம் செய்கிறது என்ற செய்தி. அதை அடக்கிவிட்டுப் போகலாம் என்று வாரஸ் வழக்கமான பாதையை விட்டு விலகினார்.

கடைசியாக, கொஞ்ச தூரம் உடன் வந்த ஆர்மினியஸ், "நட்புப் படைகளைத் திரட்டி வருகிறேன்" என்று விடைபெற்றான். திரட்டியும் வந்தான்.

பயிற்சி பெற்ற படை, ஏன் திருப்பி அடிக்க முடியவில்லை?

ரோமானியப் படையின் பலம் தனி வீரனின் தோளில் இல்லை, வரிசையில் இருந்தது. பக்கத்தில் நிற்பவனின் கேடயம், பின்னால் நிற்பவன் வந்து இடத்தை நிரப்புவான் என்ற உறுதி, செஞ்சுரித் தலைவனான செஞ்சுரியனின் குரல் எட்டும் தூரம், கொடி கண்ணுக்குத் தெரிவது: இவை சேர்ந்தால்தான் அது லீஜியன். நடந்துபோகும் படைக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காட்டுப் பாதையில் இரண்டிரண்டு பேராக 12,000 காலாட்கள் நடந்தால் 6,000 வரிசை. வரிசைக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்தாலும் 9 கி.மீ. நீளம். எட்டுப் பேருக்குக் கூடாரம், மாவு அரைக்கும் கல், பாத்திரம் சுமக்க ஒரு கோவேறு கழுதை. 12,000 பேருக்கு 1,500 கழுதைகள். ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று மீட்டருக்கு ஒன்று என்றால் இன்னொரு நாலரை கி.மீ. இவற்றோடு குதிரைப்படை, வண்டிகள், அதிகாரிகளின் சாமான், குடும்பங்கள். படைவரிசை 15 முதல் 20 கி.மீ. நீண்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்வது இப்படித்தான்.

மணிக்கு நான்கு கி.மீ. வேகத்தில் 16 கி.மீ. வரிசை நகர்ந்தால், தலை கடந்த இடத்தை வால் கடக்க நான்கு மணி நேரம். நடுவில் தாக்குதல் நடக்கும்போது முன்னால் இருப்பவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நெரிசலான ஒற்றைப் பாதையில் குதிரையில் வந்து கட்டளை சொல்ல முடியாது. தாக்குகிறவனோ தனக்குப் பிடித்த இடத்தில் நூறு பேர் மேல் ஆயிரம் பேரைக் கொண்டு விழலாம், அடித்துவிட்டு மரங்களுக்குள் போகலாம், மறுபடி வரலாம். மொத்த எண்ணிக்கையில் யார் அதிகம் என்பதே அங்கே பொருட்டில்லை.

இதற்கு ரோமானியர்களிடம் மாற்று இருந்தது. எதிரி நாட்டில் நடக்கும்போது சாமான்களை நடுவில் விட்டுச் சுற்றிலும் லீஜியன்களை நிறுத்தி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வேவுப்படை விட்டுச் செல்வார்கள். ஆறு வருடம் கழித்து ட்ரூசஸின் மகன், தளபதி ஜெர்மானிக்கஸ் அதே பகுதியில் அப்படித்தான் நடந்தார். வாரஸின் படையிலோ, டியோ சொல்கிறபடி, வீரர்களும் வண்டிகளும் ஆயுதமற்றவர்களும் கலந்து கிடந்தார்கள். பக்கவாட்டு வேவுக்கு யார் பொறுப்பு? உள்ளூர்த் துணைப்படை. அதாவது ஆர்மினியஸின் ஆட்கள்.

நாள்வாரியாக என்ன நடந்தது?

முதல் நாள்: ரோமானியர்கள் மரம் வெட்டிப் பாதை போட்டுக்கொண்டும் ஓடைகளுக்குப் பாலம் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். கையில் கோடாலி, முதுகில் சுமை. காற்றும் மழையும் தொடங்கின. அந்த நேரத்தில் அடர்ந்த புதர்களிலிருந்து, பாதைகளைத் தெரிந்தவர்கள் எல்லாப் பக்கமும் வந்தார்கள். முதலில் தூரத்திலிருந்து ஈட்டி எறிந்தார்கள். எதிர்ப்பு இல்லை என்று கண்டதும் நெருங்கினார்கள். இருந்தும் படை அன்று மாலை ஓர் இடம் பார்த்து முறையாகப் பாசறை அமைத்தது. ஒழுக்கம் இன்னும் உடையவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பெரும்பாலான வண்டிகளையும் அவசியமில்லாத சாமான்களையும் எரித்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள்: கொஞ்சம் ஒழுங்கோடு நகர்ந்து, திறந்த வெளி வரை இழப்போடு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து மறுபடி காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. பெரிய இழப்பு அங்கேதான். குறுகிய இடத்தில் காலாளும் குதிரையும் சேர்ந்து தாக்க முயன்றபோது ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள்.

அதற்கடுத்து மீண்டும் பெருமழை. நிற்கவும் பிடியில்லை. எதிரிகளின் எண்ணிக்கையோ கூடிக்கொண்டே போனது, ஏனென்றால் அதுவரை தயங்கி நின்றவர்களும் கொள்ளைக்காகச் சேர்ந்துகொண்டார்கள்.

இதற்குத் தனிச் சான்று ஒன்று உண்டு. கி.பி. 15இல் ஜெர்மானிக்கஸின் படை அந்த இடத்துக்குப் போனபோது, முதலில் மூன்று லீஜியன்களின் கைவேலை தெரியும் அகலமான பாசறை கிடைத்தது. அப்பால் பாதி எழுந்த மண்சுவரும் ஆழமில்லாத அகழியும். எஞ்சியவர்கள் ஒடுங்கிய இடம் அது. ஒரு படை தேய்ந்த கதையை இரண்டு பாசறைகளின் அளவே சொல்லிவிடுகிறது.

மழைதான் தோற்கடித்தது என்பது சரியா?

மழை இரு தரப்பு மேலும்தான் பெய்தது. ஆனால் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. ரோமானியக் கேடயம் மெல்லிய மரப்பட்டைகளைப் பசையால் ஒட்டி மேலே தோல் போர்த்தியது. நடக்கும்போது அதற்கு எண்ணெய்த் தோல் உறை போட்டிருப்பார்கள். உறையைக் கழற்றி நனைந்தால் கனம் ஏறும், பசை இளகும். வில்லின் நாணும், முறுக்கிய நரம்புக் கயிற்றால் இயங்கும் எறிபொறிகளும் ஈரத்தில் தளரும். எறியீட்டியான பைலம் சுமார் இரண்டு மீட்டர் நீளம். கை ஓங்க இடமும் எதிரே திறந்த வெளியும் வேண்டும். செருப்பின் அடியில் அடித்த இரும்பு ஆணிகள் மண்ணில் பிடிக்கும், ஈர வேரில் வழுக்கும். ஜெர்மானிய வீரனிடம் பெரும்பாலும் ஓர் ஈட்டி, ஒரு லேசான கேடயம். கவசமே இல்லாததால் வேகமாக வந்து வேகமாக விலகினான்.

வரிசை குலையாமல் இருந்திருந்தால் இந்த மழையையும் அந்தப் படை தாங்கியிருக்கும் என்பதே எங்கள் கணிப்பு.

ஆமை வடிவத்தில் கேடயம் பிடித்துத் தப்பியிருக்கலாமே?

படங்களில் பார்த்துவிட்டுப் பலரும் கேட்பது. கேடயக் கூரைக்குச் சமதரையும், நெருங்கி நிற்க இடமும், எல்லோரும் ஒரே அடி வைக்கும் ஒழுங்கும் வேண்டும். கோட்டைச் சுவரை நெருங்க அது உதவும். மரத்துக்கு மரம் விலகி நடக்கும் காட்டில், சேற்றில், பக்கத்திலிருந்து பாய்கிறவனுக்கு எதிராக உதவாது.

வாரஸ் எப்படி இறந்தார்? மற்ற அதிகாரிகள்?

காயம்பட்டு, பிடிபடுவது உறுதி என்று தெரிந்ததும் தன் வாளில் தானே விழுந்தார். அவருடைய தந்தையும் ஃபிலிப்பி போருக்குப் பின் கி.மு. 42இல் தற்கொலை செய்தவர். வாரஸின் உடலை எரிக்க முயன்றார்கள், பாதிதான் எரிந்தது. ஆர்மினியஸ் தலையை வெட்டி, மற்றொரு ஜெர்மானிய இனமான மார்க்கோமன்னிகளின் மன்னன் மரோபோடுவஸுக்கு அனுப்பினான், கூட்டணிக்கு அழைப்பாக. மரோபோடுவஸ் கூட்டணியில் சேராமல் தலையை அகஸ்டஸிடம் அனுப்பிவிட்டான். அகஸ்டஸ் அதை வாரஸின் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யவைத்தார்.

குதிரைப்படையோடு ரைனை நோக்கி ஓடிய நியூமோனியஸ் வாலா வழியிலேயே கொல்லப்பட்டார். பாசறை அதிகாரிகளில் லூசியஸ் எகியஸ் போராடி மடிந்தார், செயோனியஸ் சரணடையச் சொன்னார்.

யாராவது தப்பினார்களா?

சிதறித் தப்பிய சிலர் லிப்பே நதியோரம் இருந்த அலிசோ கோட்டையை அடைந்தார்கள். அது ஹால்டெர்ன் என்பது இன்று வலுவான கருத்து. ரைனுக்குக் கிழக்கே விழாமல் நின்ற கோட்டை அது ஒன்றுதான். முதுநிலை அதிகாரி லூசியஸ் செடிசியஸ் பொறுப்பில் இருந்தார். வில்லாளிகள் இருந்ததால் நெருங்கிய எதிரிகளை விரட்ட முடிந்தது. தானியம் குறைந்தபோது ஒரு தந்திரம் செய்தார்கள்: பிடிபட்ட எதிரிகளை இரவெல்லாம் களஞ்சியங்களைச் சுற்றி நடத்திக் காட்டி, பிறகு கைகளை வெட்டி வெளியே விட்டார்கள். உணவு ஏராளம் என்று அவர்கள் போய்ச் சொன்னார்கள்.

உணவு உண்மையிலேயே தீர்ந்ததும், புயலடித்த ஓர் இரவில் வெளியேறினார்கள். முன்னால் வீரர்கள், பின்னால் பெண்களும் குழந்தைகளும். இருட்டிலும் குளிரிலும் அவர்கள் வீரர்களைக் கூவி அழைக்க, குட்டு உடைந்தது. எக்காளம் ஊதுகிறவர்கள் விரைவு நடைக்கான ஒலியை எழுப்பியதும், வாரஸின் சகோதரி மகன் லூசியஸ் அஸ்ப்ரெனாஸ் உதவிப்படையோடு வந்துவிட்டான் என்று எதிரி நினைத்தான். அந்த இடைவெளியில் பலர் தப்பினார்கள். அஸ்ப்ரெனாஸ் அப்போது தன் இரு லீஜியன்களை விரைந்து கீழ் ரைன் பாசறைகளுக்குக் கொண்டுவந்து கரையைக் காத்துக்கொண்டிருந்தார். ரைனுக்கு மேற்கே, காலியாவில் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) கலகம் பரவாமல் தடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

போர் நடந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டதா?

ஓஸ்னாப்ரூக் நகருக்கு வடக்கே, ப்ராம்ஷெ அருகே உள்ள கால்க்ரீசெ. தெற்கே 157 மீட்டர் உயரக் குன்று, வடக்கே பெரும் சதுப்பு, நடுவில் நடக்கத் தகுந்த மணல் பட்டை. வரலாற்றாசிரியர் தியோடோர் மம்சென் 1885லேயே நாணயங்களை வைத்து இந்த வட்டாரத்தைச் சுட்டினார். 1987இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டோனி கிளன் மெட்டல் டிடெக்டரோடு தேடி நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளி டெனாரியஸ் நாணயங்களையும், பிறகு மூன்று ஈயக் கவண்குண்டுகளையும் கண்டெடுத்தார். கவண்குண்டு வணிகரிடம் இருக்காது. படை வந்ததற்கு அதுவே அடையாளம். அதன்பின் அகழாய்வில் வெள்ளித் தகடு போர்த்திய இரும்பு முகக்கவசம், ஆயுதத் துண்டுகள், அறுவைக் கருவிகள், சத்தம் வராமலிருக்க மணிக்குள் புல் அடைத்துக் கட்டிய கழுதையின் எலும்புக்கூடு எல்லாம் கிடைத்தன. 2018இல் சுமார் அரை டன் மண்கட்டியோடு தூக்கிய பட்டைக் கவசம், இந்த வகையில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது.

எட்டுக் குழிகளில் மனித எலும்பும் கழுதை எலும்பும் கலந்து கிடந்தன. புதைக்கப்படும் முன் அவை சில ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தவை. ஜெர்மானிக்கஸ் ஆறு வருடம் கழித்து வந்து எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் செய்தார் என்ற டாசிட்டஸின் செய்தியோடு இது பொருந்துகிறது.

நாணயத்தை வைத்து ஆண்டை எப்படிச் சொல்கிறார்கள்?

கடைசி நாணயம் எது என்று பார்ப்பார்கள். கால்க்ரீசெயில் கி.பி. 9க்குப் பிந்தைய நாணயம் இல்லை. செப்பு நாணயங்கள் சிலவற்றில் 'வார்' என்று சுருக்கி வாரஸின் பெயர் குத்தப்பட்டிருக்கிறது. அவர் ஜெர்மனிக்கு வந்தபின் வீரர்களுக்குக் கொடுத்தவை.

அங்கே நிறையக் கிடைத்த வெள்ளி நாணயம் ஒன்று தமிழ்நாட்டாருக்கு அந்நியமல்ல. ஒருபுறம் அகஸ்டஸ் தலை, மறுபுறம் கையில் கேடயமும் ஈட்டியும் அருகே நிற்க இரு பேரர்கள், கையஸும் லூசியஸும். இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் அச்சான அதே வகைதான் கோயம்புத்தூர், கரூர் வட்டாரப் புதையல்களிலும் ஏராளமாகக் கிடைத்தது. இங்கே அது மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக வந்தது. அங்கே வீரனின் சம்பளப் பையிலிருந்து சேற்றில் விழுந்தது. ஒரு வேறுபாடு உண்டு. நம் புதையல்களில் டைபீரியஸ் பேரரசரான பின் வந்த வெள்ளிக் காசுகளும் கலந்திருக்கும், கால்க்ரீசெயில் இருக்காது. அந்த இல்லாமைதான் தேதி சொல்கிறது.

கால்க்ரீசெயை எல்லோரும் ஏற்கிறார்களா?

இல்லை. கி.பி. 15இல் ஜெர்மானிக்கஸின் துணைத்தளபதி செசினா சதுப்பில் சிக்கிப் போரிட்ட இடம் இது என்று சிலர் வாதிட்டார்கள். அங்கே கிடைத்த சுமார் 400 மீட்டர் மண்சுவரும் விவாதப் பொருள். பதுங்கித் தாக்க ஜெர்மானியர்கள் கட்டியது என்று முதலில் சொன்னார்கள். ரோமானியப் பாசறையின் சுவராகவும் இருக்கலாம் என்று பிந்தைய அகழாய்வுகள் சொல்கின்றன. 2022இல் வெளியான உலோக ஆய்வு வாரஸ் பக்கம் எடையைக் கூட்டியது. ஒவ்வொரு லீஜியனின் கொல்லர்களும் வெண்கலத்தை உருக்கிப் பழுதுபார்த்த விதத்தில் தனித் தடயம் இருக்கும். கால்க்ரீசெ உலோகம், 19ஆம் லீஜியன் முன்பு தங்கியிருந்த டாங்ஷ்டெட்டென் பாசறை உலோகத்தோடு ஒத்துப்போனது. எங்களுக்கு இந்த வாதம் வலுவாகப் படுகிறது. ஆனால் பல நாள், பல கி.மீ. நீண்ட போரில் கால்க்ரீசெ ஒரு கட்டம்தான். முழுப் போரும் அங்கேயே நடக்கவில்லை.

பெயரில் உள்ள டாய்ட்டோபுர்க் காடு எங்கே?

அந்தப் பெயர் பழைய நூல்களில் டாசிட்டஸிடம் ஒரே ஒரு முறை வருகிறது. இன்று வரைபடத்தில் அந்தப் பெயர் கொண்ட மலைத்தொடர் முன்பு ஓஸ்னிங் எனப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் பெயரை ஒட்டினார்கள். டெட்மோல்ட் அருகே நிற்கும் ஹெர்மன் (ஆர்மினியஸுக்கு ஜெர்மானியர் வைத்த பெயர்) சிலை அந்த நம்பிக்கையில் எழுந்தது. 1838இல் தொடங்கி 1875இல் முடிந்தது, பீடத்தோடு 53 மீட்டருக்கும் மேல் உயரம். கால்க்ரீசெ அங்கிருந்து எழுபது எண்பது கி.மீ. தள்ளி.

ரோமில் என்ன நடந்தது?

டான்யூப் நதிப்பக்கம் உள்ள பன்னோனியாவில் மூன்று வருடக் கலகத்தை டைபீரியஸ் அடக்கிய வெற்றிச் செய்தி வந்து ஐந்து நாட்களுக்குள் இந்தச் செய்தி வந்தது. அகஸ்டஸுக்கு அப்போது வயது 71. மாதக்கணக்கில் முடியும் தாடியும் வெட்டாமல், கதவில் தலையை மோதிக்கொண்டு, "குவின்டிலியஸ் வாரஸ், என் லீஜியன்களைத் திருப்பிக் கொடு" என்று கதறியதாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். தன் ஜெர்மானிய மெய்க்காவலரை நகரை விட்டு அனுப்பினார். புதுப்படைக்கு ஆள் வராததால் சீட்டுப் போட்டார்கள்: 35 வயதுக்குக் கீழே ஐந்தில் ஒருவர், அதற்கு மேலே பத்தில் ஒருவர் சொத்தையும் குடியுரிமையையும் இழந்தார்கள். 17, 18, 19 என்ற எண்கள் அதன்பின் எந்த லீஜியனுக்கும் சூட்டப்படவில்லை.

இந்தத் தோல்வியால்தான் ரைன் எல்லையானதா?

நேரடியாக இல்லை. ரைன் கரையில் எட்டு லீஜியன்கள் நிறுத்தப்பட்டன. கி.பி. 14 முதல் 16 வரை ஜெர்மானிக்கஸ் திரும்பத் திரும்ப ஆற்றைக் கடந்து போரிட்டார், இடிஸ்டாவிசோவில் ஆர்மினியஸைத் தோற்கடிக்கவும் செய்தார். செலவும் உயிர்ச்சேதமும் வரவை மிஞ்சுகிறது என்று கண்டு நிறுத்தியவர் பேரரசர் டைபீரியஸ். ஒன்பது முறை ஜெர்மனிக்குப் போய்வந்தவர் எடுத்த முடிவு அது.

மூன்று கழுகுகள்?

19ஆம் லீஜியனுடையது கி.பி. 15இல் ப்ருக்டெரிகளிடமிருந்து, இரண்டாவது 16இல் மார்சிகளிடமிருந்து, மூன்றாவது 41இல் சௌசிகளிடமிருந்து மீண்டன.

ஆர்மினியஸும் துஸ்னெல்டாவும் என்ன ஆனார்கள்?

கி.பி. 15இல் செகெஸ்டெஸ் கர்ப்பிணியான தன் மகளை ரோமானியர்களிடம் ஒப்படைத்தார். மகன் துமெலிகஸ் சிறையில் பிறந்தான். கி.பி. 17 மே 26 அன்று ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் தாயும் பிள்ளையும் நடத்தப்பட, செகெஸ்டெஸ் மரியாதை இருக்கையில் அமர்ந்து பார்த்தார். ஆர்மினியஸ் மனைவியை மறுபடி காணவில்லை, மகனைக் காணவே இல்லை. மன்னனாக முயல்கிறான் என்ற ஆத்திரத்தில் சொந்த உறவினர்களே அவனைக் கொன்றார்கள். வயது 37.

பிடிபட்ட வீரர்களின் கதி?

அதிகாரிகள் சிலர் பலிபீடங்களில் கொல்லப்பட்டார்கள். மரங்களில் அறையப்பட்ட மண்டையோடுகளை ஜெர்மானிக்கஸின் ஆட்கள் கண்டார்கள். மற்றவர்கள் அடிமைகளானார்கள். சிலரை உறவினர்கள் பணம் கொடுத்து மீட்டார்கள்; அவர்கள் இத்தாலிக்குள் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

சாண்டென் பக்கம் கிடைத்த ஒரு நினைவுக்கல் இன்று பான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 18ஆம் லீஜியனின் செஞ்சுரியன் மார்கஸ் கேலியஸ், வயது ஐம்பத்து மூன்றரை, வாரஸின் போரில் விழுந்தார் என்று அவருடைய சகோதரர் பப்லியஸ் செதுக்கிவைத்தது. எலும்புகள் கிடைத்தால் இங்கே வைக்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

கி.பி. 50இல் சாட்டி இனத்தவர் கொள்ளையடிக்க ரைனைக் கடந்தபோது, பொம்போனியஸ் செகுண்டஸின் படை அவர்களைத் துரத்திப் பிடித்தது. அங்கே அடிமைகளாய் இருந்தவர்களில் சிலர் வாரஸின் வீரர்கள். நாற்பது வருடம் கழித்து விடுவிக்கப்பட்டார்கள்.